திண்ம ஆக்சைடு மின்னாற்பகுப்புக் கலம்: எந்த மின்முனை இணை நீடித்து உழைக்கும்?

நீராவியை 700 முதல் 850 டிகிரி செல்சியஸில் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும் கலத்துக்கு மின்முனை தேர்ந்தெடுக்க உட்கார்ந்தால், நடைமுறையில் கையில் இருக்கும் பட்டியல் சிறியதுதான். ஆக்சிஜன் பக்கத்துக்கு லாந்தனம்-ஸ்ட்ரான்ஷியம் மாங்கனைட் (எல்எஸ்எம்), அதில் மாங்கனீசுக்குப் பதில் கோபால்ட்டும் இரும்பும் வரும் எல்எஸ்சிஎஃப், இரும்பும் இல்லாத எல்எஸ்சி, இவற்றோடு நிக்கலேட்டுகள் (நிக்கல் உள்ள கூட்டு ஆக்சைடுகள்). நீராவிப் பக்கத்துக்கு நிக்கலோடு சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) கலந்த நிக்கல்-சிர்கோனியா, சீரியா (சீரியம் ஆக்சைடு) கலந்த நிக்கல்-சீரியா, நிக்கலே இல்லாத ஆக்சைடு மின்முனைகள். இவற்றில் எது நீடிக்கும் என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. ஒரே நிக்கல்-சிர்கோனியா மின்முனை ஒரு மின்னோட்டத்தில் பல்லாயிரம் மணி நேரம் அசையாமல் ஓடும். இரண்டு மடங்கு மின்னோட்டத்தில் ஆயிரம் மணிக்குள், இரு மின்முனைகளுக்கும் நடுவே ஆக்சிஜன் அயனியைக் கடத்தும் திண்ம அடுக்கான மின்பகுளியை விட்டு நிக்கல் விலகிவிடும். மின்முனையின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் மேல் விழும் மிகை மின்னழுத்தம், அதாவது சமநிலைக்கு மேல் வினையை ஓட்ட அந்த மின்முனை எடுத்துக்கொள்ளும் கூடுதல் மின்னழுத்தம். பொருளையும் இயக்கப் புள்ளியையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் இந்த ஒப்பீட்டின் அடிப்படை.

எண்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருதல்

ஆய்வுத் தாள்களிலும் விற்பனைக் கையேடுகளிலும் தரமிழப்பு "1,000 மணிக்கு இத்தனை சதவீதம்" என்று வரும். இந்தச் சதவீதம் கலத்தின் மொத்த மின்னழுத்தத்தில் கணக்கிடப்படுவது. மின்னோட்டம் குறைவாக இருந்தால் அதே சேதமும் சிறிய சதவீதமாகத் தெரியும். எனவே மின்னழுத்த உயர்வை மின்னோட்ட அடர்த்தியால் வகுத்து, ஒரு சதுர செ.மீ. பரப்புக்கான மின்தடை எவ்வளவு ஏறியது என்று பார்க்க வேண்டும். இதைப் பரப்புத்தடை என்று வைத்துக்கொள்வோம்.

ஓர் எடுத்துக்காட்டு. ஐரோப்பிய ஆற்றல் ஆய்வு நிறுவனமான ஐஃபர் 2017-இல் வெளியிட்ட சோதனையில் ஒரு கலம் 23,000 மணி நேரம் நீராவி மின்னாற்பகுப்பில் ஓடியது. ச.செ.மீ.க்கு 0.9 ஆம்பியர் (இனி ஆம்பியர் என்றாலே ச.செ.மீ.க்குத்தான்); தரமிழப்பு 1,000 மணிக்கு 7.4 மில்லிவோல்ட், அதாவது 0.57 சதவீதம். பரப்புத்தடையாக மாற்றினால் சுமார் 8 மில்லி ஓம்·ச.செ.மீ. இன்னொரு கலம் 0.5 ஆம்பியரில், 1.15 வோல்ட்டில் தொடங்கி, 1,000 மணிக்கு 0.5 சதவீதம்தான் இழக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சதவீதத்தில் இதுவே மேல். பரப்புத்தடையிலோ 11.5 மில்லி ஓம்·ச.செ.மீ.; மோசமானது இதுதான்.

முதல் 200 முதல் 300 மணி நேரத்தைத் தனியாகப் பிரித்து வையுங்கள். புது நிக்கல் துகள்கள் பருப்பதும், கண்ணாடி அடைப்பிலிருந்து சிலிக்கா வந்து படிவதும் இந்தக் காலத்தில்தான் அதிகம். இந்தச் சரிவை நீட்டிக் கணக்கிட்டால் எந்தக் கலமும் ஓராண்டு தாண்டாது. இதை அடியோடு ஒதுக்கினால் ஸ்டாக் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கலங்களின் தொகுதி) தொடங்கும்போது கிடைக்கும் மின்னழுத்தம் தவறாகிவிடும்.

ஆயுள் தேவையையும் மில்லிவோல்ட்டிலேயே எழுதுவது நல்லது. வெப்பச் சமநிலை மின்னழுத்தம், அதாவது கலம் தானாகச் சூடேறாமலும் குளிராமலும் ஓடும் புள்ளி, 800 டிகிரியில் நீராவிக்குச் சுமார் 1.29 வோல்ட். 1.15 வோல்ட்டில் தொடங்கி அங்கே போய் நின்றால் கையிருப்பு 140 மில்லிவோல்ட். 1,000 மணிக்கு 7 மில்லிவோல்ட் போனால் 20,000 மணி. 20 போனால் 7,000 மணி. ஐந்து ஆண்டு ஓட வேண்டும் என்றால் 43,800 மணி. அதற்கு 1,000 மணிக்கு 3.2 மில்லிவோல்ட்டுக்கு மேல் இழக்கக் கூடாது.

எரிபொருள் கலமாக ஓடியதன் சாதனையை இங்கே ஆதாரமாகக் காட்டுவதை ஏற்காதீர்கள். ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் ஒரு சிறு ஸ்டாக் 2007 முதல் 2019 வரை 700 டிகிரியில் 1,00,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியது உண்மை. ஆனால் அது மின்சாரம் தரும் திசையில். மின்னோட்டத்தின் திசை திரும்பும்போது நிக்கல் நகரும் திசையும், ஆக்சிஜன் பக்க இடைமுகத்தில் உள்ள அழுத்தமும் திரும்பிவிடுகின்றன.

ஆக்சிஜன் பக்கம்: எல்எஸ்எம் ஏன் உரிகிறது

எல்எஸ்எம்மின் கவர்ச்சி எளிதில் புரியும். அதன் வெப்ப விரிவுக் குணகம் டிகிரிக்கு மில்லியனில் 11 முதல் 12, மின்பகுளியான சிர்கோனியாவுக்கு 10.5. இரண்டும் ஒத்துப்போவதால் தடுப்பு அடுக்கு இல்லாமலே நேராகப் பூசலாம். கோபால்ட் இல்லை, செய்முறையில் படிகள் குறைவு.

குறை, ஆக்சிஜன் அயனி அதனுள் ஏறக்குறைய நகராது என்பது. எல்எஸ்சிஎஃப்போடு ஒப்பிட்டால் அயனிக் கடத்துதிறன் பல ஆயிரம் மடங்கு குறைவு. ஆகவே ஆக்சிஜன் வெளியேற வழி, மின்முனையும் மின்பகுளியும் வாயுவும் கூடும் குறுகிய கோட்டில் மட்டுமே. அந்தக் கோடு போதாமல் போகும் கணத்தில் இடைமுகத்துக்குள் ஆக்சிஜன் அழுத்தம் ஏறுகிறது. எவ்வளவு என்று, மின்னழுத்தத்தையும் வாயு அழுத்தத்தையும் இணைக்கும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: 800 டிகிரியில், காற்று ஓடும் பக்கத்தில், 50 மில்லிவோல்ட் மிகை மின்னழுத்தத்துக்கு இடைமுக ஆக்சிஜன் சுமார் 1.8 வளிமண்டல அழுத்தத்துக்கு இணை. 100 மில்லிவோல்ட்டுக்கு 16. 200 மில்லிவோல்ட்டுக்கு 1,200. ஏற்றம் நேர்கோட்டில் இல்லை, அடுக்குக்குறியில் ஏறுகிறது. அதனால்தான் எல்எஸ்எம் கலங்கள் மெல்ல மெல்லத் தேயாமல், நன்றாக ஓடிக்கொண்டிருந்துவிட்டு ஒரு கட்டத்தில் பொசுக்கென்று உரிகின்றன.

சேதம் மின்முனையோடு நிற்பதும் இல்லை. டென்மார்க்கின் ரீசோ ஆய்வகக் குழு 2010-இல் காட்டியபடி, 850 டிகிரியில் 1 முதல் 2 ஆம்பியர் வரை ஓட்டிய எல்எஸ்எம்-சிர்கோனியா கலங்களில், மின்பகுளியின் படிக மணிகளுக்கு இடையிலான எல்லைகளிலேயே ஆக்சிஜன் குமிழிகள் உருவாகியிருந்தன. இந்தக் கட்டத்துக்கு வந்த கலத்தை மீட்க முடியாது, மின்பகுளியே பிளக்கிறது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதுவும் பயனுள்ள விதிவிலக்கு. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் 2015-இல், எல்எஸ்எம் கலத்தை மின்னாற்பகுப்பிலும் எரிபொருள் கலமாகவும் மாறி மாறி ஓட்டினால், தொடர்ந்து மின்னாற்பகுப்பில் மட்டும் ஓட்டும்போது வரும் கடும் சிதைவு அகன்றுவிடுகிறது என்று காட்டினர். சோதனை 4,000 மணி நீண்டது. ஏறிய அழுத்தம் திசை திரும்பும்போது வடிந்துவிடுகிறது. எனவே மின்சாரம் மிஞ்சும்போது ஹைட்ரஜன், குறையும்போது மின்சாரம் என்று இருதிசையில் இயங்கும் அமைப்புக்கு எல்எஸ்எம்மை இன்னும் பரிசீலிக்கலாம். இரவும் பகலும் ஹைட்ரஜன் மட்டுமே எடுக்கும் அமைப்புக்கு, 0.5 ஆம்பியருக்கு மேல் என்றால், வேண்டாம்.

எல்எஸ்சிஎஃப்: பூச்சல்ல, தடுப்பு அடுக்கே விஷயம்

எல்எஸ்சிஎஃப்பில் அயனியும் எலக்ட்ரானும் இரண்டுமே ஓடும். ஆக்சிஜன் வெளியேறும் இடம் துகள்களின் மேற்பரப்பு முழுவதுக்கும் விரிவதால் மிகை மின்னழுத்தம் தாழ்வாக இருக்கிறது, உரிதலும் அரிதாகிறது. அதற்குப் பதில் வேறொரு தலைவலி வருகிறது: ஸ்ட்ரான்ஷியம்.

ஸ்ட்ரான்ஷியம் சிர்கோனியாவைத் தொட்டால் ஸ்ட்ரான்ஷியம் சிர்கோனேட் உருவாகும், அது மின்காப்பான். அதனால் இரண்டுக்கும் நடுவே கடோலினியம் கலந்த சீரியாவைத் தடுப்பாகப் போடுகிறோம். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் 3 முதல் 5 மைக்ரான் பூசிச் சுட்டால் அந்த அடுக்கு நுண்துளையோடுதான் நிற்கும். அடர்த்தி வேண்டும் என்று சூளையை 1,300 டிகிரிக்கு மேல் ஏற்றினால் சீரியாவும் சிர்கோனியாவும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, இரண்டையும்விடக் கடத்தல் குறைந்த கலவையாகிவிடும். 1,200 முதல் 1,300 டிகிரிக்குள் சுட்டால் கலவை குறையும், துளைகள் மிஞ்சும். பிறகு எல்எஸ்சிஎஃப்பை 1,050 முதல் 1,100 டிகிரியில் சுடும்போதே அந்தத் துளைகள் வழியாக ஸ்ட்ரான்ஷியம் கடந்துவிடுகிறது. அதாவது கலம் ஒரு மணி நேரம்கூட ஓடுவதற்கு முன்பே சிர்கோனேட் தீவுகள் இருக்கும். மின்னாற்பகுப்புத் திசையில் ஓடும்போது அவை மேலும் வளர்கின்றன என்று பிரெஞ்சு ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

எனவே எல்எஸ்சிஎஃப் கலம் வாங்குவதோ செய்வதோ எதுவானாலும், மின்முனைத் தூளின் செய்முறையைவிடத் தடுப்பு அடுக்கின் குறுக்குவெட்டுப் படத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். வெற்றிட ஆவிப் படிவு முறையில் 0.5 முதல் 2 மைக்ரான் அடர்த்தியான சீரியா போட்டால் ஸ்ட்ரான்ஷியம் ஏறக்குறைய நிற்கும். செலவு கூடும், ஆனால் ஆயுளுக்காகச் செலவிட ஒரே ஒரு இடம்தான் உண்டு என்றால் அதை இங்கே செலவிடலாம். தூளில் செய்யக்கூடிய மலிவான திருத்தம், லாந்தனம்-ஸ்ட்ரான்ஷியம் இடத்தைச் சற்றுக் குறைவாக வைப்பது: 0.6-க்குப் பதில் 0.58 லாந்தனம், 0.4 ஸ்ட்ரான்ஷியம். தளர்வாக வெளியேறத் தயாராக உள்ள ஸ்ட்ரான்ஷியம் இதில் குறைகிறது.

விரிவுக் குணகம் 15-க்கு மேல் போவதால் 30, 40 மைக்ரானுக்கு மேல் தடிமனாகப் பூசக் கூடாது. வெப்பச் சுழற்சியில் ஓரத்திலிருந்து பெயரும். காற்றும் தூய்மையாக இருக்க வேண்டும். ஈரப்பதம் ஸ்ட்ரான்ஷியத்தை ஹைட்ராக்சைடு ஆவியாக நகர்த்தும், கந்தக டையாக்சைடு அதைச் சல்ஃபேட்டாக்கும், கலங்களை ஒன்றோடொன்று இணைக்கும் எஃகுத் தகட்டிலிருந்து (இணைப்புத் தகடு) வரும் குரோமிய ஆவி குரோமேட்டாக்கும். கடைசியாகச் சொன்னதற்கு மருந்து மின்முனையில் இல்லை, தகட்டில் இருக்கிறது: மாங்கனீசு-கோபால்ட் ஸ்பினெல் பூச்சு இல்லாத ஃபெரிடிக் எஃகுத் தகட்டோடு எந்த ஆக்சிஜன் மின்முனையையும் ஆயுள் சோதனைக்கு வைப்பது வீண் வேலை.

எல்எஸ்சி இன்னும் வேகமானது, ஆனால் விரிவுக் குணகம் 20-ஐத் தொடும். நுண்துளைச் சட்டகத்துக்குள் நைட்ரேட் கரைசலாக ஊட்டி, 600 முதல் 700 டிகிரி வரை ஓடும் கலத்துக்கு மட்டும் பொருந்தும். நிக்கலேட்டுகள் கூடுதல் ஆக்சிஜனைத் தங்கள் படிகத்துக்குள்ளேயே தாங்கிக்கொள்வதால் இடைமுக அழுத்தத்துக்கு நல்ல விடை, ஸ்ட்ரான்ஷியமும் தேவையில்லை. பிரசியோடிமியம் நிக்கலேட் இயங்கு வெப்பநிலையில் சிதைந்து வேறு ஆக்சைடுகளாகப் பிரிகிறது, லாந்தனம் நிக்கலேட் சீரியாவோடு வினைபுரிகிறது, நியோடிமியம் நிக்கலேட் நிலைத்தாலும் வேகம் குறைவு. ஆலைக்கு இப்போதைக்கு இவற்றைச் சிபாரிசு செய்ய மாட்டோம்.

நீராவிப் பக்கம்: இன்று ஆயுளைக் குறைப்பது இதுதான்

ஆக்சிஜன் பக்கத்தில் எல்எஸ்சிஎஃப்பும் நல்ல தடுப்பும் வந்த பிறகு, நீண்ட சோதனைகளில் கலத்தை இழுத்து விழவைப்பது பெரும்பாலும் நிக்கல்.

நிக்கல்-சிர்கோனியா மின்முனையில் திண்மப் பகுதியின் கன அளவில் சுமார் 40 சதவீதம் நிக்கல். 30 சதவீதத்துக்குக் கீழே போனால் நிக்கல் துகள்கள் ஒன்றையொன்று தொடாமல் எலக்ட்ரான் பாதை அறுந்துவிடும். இந்த இடைவெளி எவ்வளவு சிறியது என்பதைக் கவனியுங்கள். மின்பகுளியை ஒட்டிய 5 மைக்ரான் பகுதியில் நிக்கலில் கால் பங்கு நகர்ந்தாலே போதும், அந்தப் பகுதி மின்முனையாக இருப்பதை நிறுத்திவிட்டு வெறும் நுண்துளைச் சிர்கோனியாவாகிவிடும். மின்பகுளி 5 மைக்ரான் தடித்துவிட்டது போல, அதுவும் கடத்தல் மோசமான மின்பகுளியாக.

நகர்வது ஏன் என்பதில் இரண்டு விளக்கங்கள் உலவுகின்றன. ஒன்று: நிக்கல் ஹைட்ராக்சைடு ஆவியாகவோ மேற்பரப்பில் ஊர்ந்தோ, மின்னழுத்தச் சரிவைப் பின்பற்றி மின்பகுளியைவிட்டு விலகுகிறது. மற்றது: தீவிர எதிர்மறை மின்னழுத்தத்தில் நிக்கல் சிர்கோனியாவின் மேல் படியும் தன்மையை இழந்து, நன்றாகப் படியும் இடத்தை நோக்கிப் போகிறது. தேர்வு செய்பவருக்கு இந்த விவாதத்தின் முடிவு அவ்வளவாகத் தேவையில்லை. இரண்டின்படியும் தூண்டுகோல் ஒன்றே: மிகை மின்னழுத்தமும் நீராவியும்.

மாசு இதை முடுக்கிவிடுகிறது. 800 டிகிரி நீராவி, கண்ணாடி அடைப்பிலும் வெப்பக்காப்பிலும் உள்ள சிலிக்காவைச் சிலிசிக் அமில ஆவியாக்கிக் கொண்டுவந்து, நிக்கலும் சிர்கோனியாவும் வாயுவும் கூடும் வினைக்கோட்டில் படிய வைக்கும். கந்தகம் மில்லியனில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே நிக்கலின் வினைத்திறனை முடக்கும். வினைக்கோட்டின் ஒரு பகுதி மூடினால் மீதிப் பகுதியின் மேல் மிகை மின்னழுத்தம் ஏறும். அது நிக்கல் நகர்வைத் தொடங்கிவைக்கும். உள்வரும் வாயுவைச் சுத்தம் செய்தபோது, மிதமான மின்னோட்டத்தில் சிதைவே இல்லாமல் கலங்கள் ஓடியதை ரீசோ குழுவினர் காட்டினர். பொருள் மாற்றும் முன் குழாயைப் பாருங்கள் என்பதுதான் இதன் நடைமுறைப் பொருள்: அடைப்புக் கண்ணாடி வாயு உள்வரும் ஓரத்தில் இருக்கக் கூடாது, நீராவி தயாரிக்கும் நீர் அயனி நீக்கியதாக இருக்க வேண்டும், கார்பன் டையாக்சைடு ஓட்டினால் முன்னால் கந்தக உறிஞ்சி வேண்டும்.

நிக்கல்-சிர்கோனியாவையே வைத்துக்கொண்டு ஆயுளைக் கூட்டச் சில வழிகள் உண்டு. மின்பகுளியை ஒட்டிய 10 முதல் 15 மைக்ரான் வினை அடுக்கை, துளை குறைவாகவும் படிக மணிகள் நுண்ணியதாகவும் செய்வது முதலாவது. வினைக்கோட்டின் நீளம் கூடினால் அதே மின்னோட்டத்துக்கு மிகை மின்னழுத்தம் குறையும். இரண்டாவது, சீரியம்-கடோலினியம் நைட்ரேட் கரைசலை, ஒடுக்கிய (நிக்கல் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜன் நீக்கிய) மின்முனைக்குள் ஊட்டிச் சூடாக்குவது. நிக்கலையும் சிர்கோனியாவையும் போர்த்தும் நுண்சீரியா, வினைக்கு மாற்று இடம் தருகிறது. ஒருமுறை ஊட்டினால் போதிய அளவு ஏறாது, பல சுற்று தேவைப்படும். பெரிய கலத்தில் நடுவும் ஓரமும் சமமாக ஏறுவதில்லை என்பதுதான் உற்பத்தியில் இது பரவாததற்குக் காரணம்.

நிக்கல்-சீரியா

சீரியா ஹைட்ரஜன் சூழலில் ஓரளவு ஆக்சிஜனை இழந்து எலக்ட்ரானையும் கடத்தத் தொடங்கும். வினை சீரியாவின் மேற்பரப்பிலேயே நடக்கும். நிக்கல் முதன்மையாக மின்சாரத்தைச் சேகரிக்கும் கம்பி வேலை பார்க்கிறது. ஆகவே கொஞ்சம் நிக்கல் நகர்ந்தாலும் பருத்தாலும் வினை நிற்பதில்லை. கந்தகத்தையும் கார்பனையும் தாங்கும் திறனும் மேல். மேலே சொன்ன 23,000 மணிக் கலத்தின் நீராவி மின்முனை நிக்கல்-சீரியாதான்.

குறை இல்லாமல் இல்லை. நீண்ட ஓட்டத்தில் சீரியா நிக்கலின் மேல் படர்ந்து மூடுகிறது. அதிக மின்னழுத்தத்தில் சீரியா மேலும் ஆக்சிஜனை இழந்து வீங்குவதால் சிர்கோனியாவோடு சேரும் இடத்தில் விரிசல் வரலாம். இன்னொன்று செய்முறைத் தடை: நிக்கல்-சீரியாவையும் சிர்கோனியாவையும் மின்பகுளி அடர்த்தியாகும் 1,350, 1,400 டிகிரியில் ஒன்றாகச் சுட முடியாது, ஒன்றுக்குள் ஒன்று கரையும். அதனால் நிக்கல்-சீரியா பெரும்பாலும் முன்பே சுட்ட, 90 முதல் 150 மைக்ரான் தடித்த மின்பகுளியே மற்ற அடுக்குகளைத் தாங்கும் கலங்களில்தான் வருகிறது.

தடித்த மின்பகுளி குறைபாடு என்று பாடநூல்கள் சொல்லும். மின்னாற்பகுப்பில் அது அரைகுறை உண்மை. 90 சதவீத நீராவி, 10 சதவீத ஹைட்ரஜனுக்கு 800 டிகிரியில் திறந்த மின்சுற்று மின்னழுத்தம் சுமார் 0.84 வோல்ட். 1.29 வரை ஏற்ற 0.45 வோல்ட் இருக்கிறது. இதை மின்பகுளியும் இரு மின்முனைகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. வெப்பச் சமநிலையில் ஓடும் கலத்தில் மின்பகுளி தின்னும் பங்கு வீண் இல்லை. நீராவியைப் பிளக்கத் தேவையான வெப்பமாகத் திரும்புகிறது. 90 மைக்ரான், 3 மோல் சதவீத யிட்ரியா சிர்கோனியா 850 டிகிரியில் 0.3 முதல் 0.4 ஓம்·ச.செ.மீ. கொடுக்கும். 0.7 ஆம்பியரில் கால் வோல்ட் அங்கேயே போய்விடுவதால் மின்முனைகள் மேல் விழுவது குறைவு. மெல்லிய மின்பகுளிக் கலத்தை அதே 1.29 வோல்ட்டுக்கு ஏற்றினால் மின்னோட்டம் மிக அதிகம், அந்தச் சுமை நேராக நிக்கல் மேல். மெல்லிய கலத்தை வாங்கி அதன் முழு வேகத்தில் ஓட்டுவது, ஆயுளை முன்கூட்டியே செலவழிப்பதுதான்.

நிக்கலைக் கைவிட்டால்?

நிக்கல் ஆக்சைடாகும்போது கன அளவு ஏறத்தாழ 70 சதவீதம் வீங்கும். ஹைட்ரஜன் நின்று நீராவி மட்டும் 600 டிகிரியில் மின்முனைக்குள் ஓடினாலே சட்டகம் உடையலாம். உள்வரும் நீராவியோடு எப்போதும் சுமார் 10 சதவீதம் ஹைட்ரஜன் கலப்பது இதற்காகத்தான். செவ்வாயில் 2021 முதல் 2023 வரை 16 முறை ஓடி கார்பன் டையாக்சைடைப் பிளந்து மொத்தம் 122 கிராம் ஆக்சிஜன் எடுத்த நாசாவின் மாக்சி கருவியும், நிக்கலைக் காக்கத் தன் வெளியேறு வாயுவில் ஒரு பகுதியைக் கார்பன் மோனாக்சைடுக்காகத் திருப்பி உள்ளே விட்டது.

லாந்தனம் குரோமைட்-மாங்கனைட், லாந்தனம் கலந்த ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் போன்ற ஆக்சைடு மின்முனைகளுக்கு இந்தப் பயம் கிடையாது. டைட்டனேட்டுக்குள் கரைத்து வைத்த நிக்கலை மின்னழுத்தத்தால் மேற்பரப்புக்கு நுண்துகள்களாக முளைக்க வைக்கலாம் என்று செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் 2016-இல் காட்டியது. சட்டகத்தில் வேரூன்றிய துகள்கள் எளிதில் பருப்பதில்லை. அறிவியலாக இது அழகு. ஸ்டாக்கில் வைக்கும்போது கடத்துதிறன் காலை வாருகிறது. குரோமைட்-மாங்கனைட் ஹைட்ரஜன் சூழலில் செ.மீ.க்கு 1 சீமன்ஸ் அளவில்தான் கடத்தும். 30 மைக்ரான் அடுக்கு, மின்முனையைத் தொடும் தகட்டு மேடுகளுக்கு இடையே 2 மி.மீ. இடைவெளி என்றால், பக்கவாட்டில் மின்சாரம் ஓடுவதற்கே சுமார் 1.1 ஓம்·ச.செ.மீ. இழப்பு. நல்ல கலத்தின் மொத்தத் தடையே 0.3 ஓம்·ச.செ.மீ. அளவுதான். மேலே நிக்கல் வலை வைத்து ஈடுகட்டினால் நிக்கல் மறுபடி உள்ளே வந்துவிடுகிறது. அடிக்கடி ஆக்சிஜனேற்றச் சுழற்சி தவிர்க்கவே முடியாத சிறு அமைப்புகளைத் தவிர வேறெங்கும் இன்று இதை எடுக்கக் காரணம் இல்லை.

எதற்கு எது

தொடர்ந்து ஓடும் ஹைட்ரஜன் ஆலை, 0.7 ஆம்பியருக்கு மேல்: மின்பகுளி தாங்கும் கலம், நிக்கல்-சீரியா, அடர்த்தியான சீரியாத் தடுப்புடன் எல்எஸ்சிஎஃப், 820 முதல் 850 டிகிரி. இணைப்புத் தகட்டின் அரிப்பு வேகமாகும் என்பதை ஏற்றுக்கொண்டே இந்தத் தேர்வு.

வெப்பநிலை 750-க்குள் இருக்க வேண்டும் என்றால் மெல்லிய மின்பகுளியும் நிக்கல்-சிர்கோனியா தாங்கியும், மின்னோட்டத்தை 0.5 முதல் 0.6 ஆம்பியரில் கட்டிப்போட வேண்டும். இங்கே ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. குறைந்த வெப்பநிலையில் தொடங்கி, கலம் தேயத் தேயச் சூடேற்றி மின்னழுத்தத்தை நிலையாக வைப்பது வழக்கமான உத்தி. ஸ்ட்ரான்ஷியம் நகர்வுக்கு அது நல்லது. ஆனால் தொடக்கத்தில் வெப்பம் குறைவு என்றால் நிக்கலின் மேல் மிகை மின்னழுத்தம் அதிகம். நகர்வு முதல் சில ஆயிரம் மணியிலேயே நடந்து முடிந்துவிடும். பின்னால் சூடேற்றினாலும் போன நிக்கல் திரும்பாது. இந்த உத்தியைக் கையாள்பவர்கள் தொடக்கத்தில் மின்னோட்டத்தையும் சேர்த்துக் குறைத்து, வெப்பம் ஏறிய பின் கூட்டுவது நல்லது.

கார்பன் டையாக்சைடும் சேர்த்துப் பிளப்பதென்றால் நிக்கல்-சீரியாவே. 800 டிகிரியில் கார்பன் மோனாக்சைடு 86 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் சமநிலைப்படி கரி படியும். 700 டிகிரியில் 60 சதவீதத்தை நெருங்கும்போதே. மின்முனையின் ஆழத்தில் செறிவு வெளியே அளப்பதைவிட அதிகம் என்பதால் இந்த எல்லைக்கு நெருங்கி ஓட்டக் கூடாது.

எந்த இணையானாலும் நீராவி மாற்றத்தை 80 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். 90 சதவீத நீராவி உள்ளே போனால், 80 சதவீத மாற்றத்தில் வெளியே 18 சதவீதம்தான் மிஞ்சும். ஆவியாக்கி துடித்துத் துடித்து நீராவி விட்டால் அந்தப் பதினெட்டும் கணநேரம் காணாமல் போய், வெளியேறும் ஓரத்தில் மட்டும் மின்முனை அழியும். மின்னழுத்த வரைபடத்தில் 10 மில்லிவோல்ட்டுக்கு மேல் ஒழுங்கான துடிப்பு தெரிந்தால் முதலில் ஆவியாக்கியைச் சரிசெய்யுங்கள்.

மின்னழுத்தம் ஏறும்போது குற்றவாளியைப் பிரித்தறிதல்

மின்மறுப்பு நிறமாலையை (பல அதிர்வெண்களில் சிறு மாறுமின்னோட்டம் செலுத்தி அளக்கும் தடை) 0.1 ஹெர்ட்ஸ் முதல் 100 கிலோஹெர்ட்ஸ் வரை எடுங்கள். தொடக்கத்திலும், பிறகு 250 மணிக்கு ஒருமுறையும். 1 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வட்டாரத்து முகடு ஏறினால் நிக்கல்-சிர்கோனியா பக்கம்; 10 முதல் 100 ஹெர்ட்ஸ் ஏறினால் எல்எஸ்சிஎஃப்; 1 ஹெர்ட்ஸ் அருகே என்றால் வாயுப் பங்கீடு. மிக உயர் அதிர்வெண்ணில் தெரியும் ஓமியத் தடை ஏறினால் குழப்பம் வரும்: நிக்கல் விலகினாலும் ஏறும், சிர்கோனேட் வளர்ந்தாலும் ஏறும். அப்போது காற்றை ஆக்சிஜனாக மாற்றி ஒரு முறை, நீராவியை 50-லிருந்து 20 சதவீதமாக்கி ஒரு முறை அளந்து, தொடக்கத்தில் இதேபோல் எடுத்த அளவுகளோடு ஒப்பிடுங்கள். எந்த வாயுவை மாற்றும்போது முகடு நகர்கிறதோ அந்தப் பக்க மின்முனைக்கு உரியது அது. ஓமியத் தடையோடு சேர்ந்து எந்தப் பக்கத்து முகடு ஏறியிருக்கிறது என்பதுதான் துப்பு. நிக்கல் விலகினால் கிலோஹெர்ட்ஸ் முகடும் கூடவே ஏறும்.

நிறுத்தும்போது நைட்ரஜனில் 5 சதவீத ஹைட்ரஜன் ஓடவிட்டே குளிர வையுங்கள், இல்லாவிட்டால் வெட்டிப் பார்ப்பதற்குள் நிக்கல் ஆக்சைடாகிவிடும். உள்வரும் ஓரம், நடு, வெளியேறும் ஓரம் என மூன்று இடங்களில் குறுக்குவெட்டு எடுத்து, பிசின் ஊட்டி மெருகேற்றி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 1 கிலோவோல்ட் அளவுக்குக் குறைந்த முடுக்கு மின்னழுத்தத்தில், லென்சுக்குள் உள்ள உணரியால் பாருங்கள். மின்தொடர்பு உள்ள நிக்கல் பளிச்சென்றும், தொடர்பறுந்த நிக்கல் மங்கலாகவும் தெரியும். சாதாரண 15 கிலோவோல்ட் படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வெளியேறும் ஓரத்தில் மட்டும் மங்கல் என்றால் நீராவிப் பஞ்சம். உள்வரும் ஓரத்தில் மட்டும் என்றால் மாசு. மூன்றிலும் மின்பகுளியை ஒட்டி ஒரே அகலத்தில் என்றால், கலத்தின் மேல் நீங்கள் வைத்த மின்னோட்டம் அந்த மின்முனைக்கு அதிகம்.